பச்சைக் குழந்தை இரவில் எங்கே தூங்க வேண்டும்?

பிரசவத்துக்கு எடுத்துச் செல்லும் பையை எட்டாம் மாதமே தயார் செய்துவிடுகிறோம். தேக்காவுக்குப் போய்த் தூளித் துணி, வசம்பு, சாம்பிராணி எல்லாம் வாங்கி வைத்துவிடுகிறோம். குழந்தை இரவில் எங்கே படுக்கும் என்பதை மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. வீடு திரும்பிய சில நாள்களில், விடியற்காலை மூன்று மணிக்கு, அழுகை நிற்காத ஒரு பொழுதில், தூக்கக் கலக்கமே அந்த முடிவை எடுத்துவிடுகிறது. குழந்தை சோபாவிலோ, அப்பாவின் மார்மேலோ, இரண்டு தலையணைகளுக்கு நடுவிலோ தூங்கிப்போகிறது.

இந்த முடிவைப் பகலில், தெளிவான மனத்தோடு, குழந்தை பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் நிலையைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறார்கள். இத்தகைய மரணங்களில் சுமார் 90 விழுக்காடு முதல் ஆறு மாதங்களுக்குள் நேர்கின்றன. ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம்வரை ஆபத்து மிக அதிகம். இது அரிதான ஒன்றுதான். ஆனாலும் நேர்ந்துவிட்ட வீட்டுக்கு அந்த ஆறுதல் போதாது. அதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவையோ எளியவை, பெரும்பாலும் செலவில்லாதவை.

அடிப்படை விதி ஒன்றுதான்: குழந்தை உங்கள் அறையில், ஆனால் தனக்கென்று ஒரு தனிப் படுக்கையில், தட்டையான உறுதியான மெத்தையில், மல்லாக்க, பக்கத்தில் வேறு எந்தப் பொருளும் இல்லாமல் தூங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலின் சாரம் இதுவே. நம் மருத்துவமனைகளிலும் இதைத்தான் பார்க்கிறோம். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தாயின் கட்டிலை ஒட்டி வைக்கப்படும் அந்தச் சிறிய கண்ணாடி போன்ற தொட்டிலை நினைத்துப் பாருங்கள். அதில் தலையணை இல்லை, பொம்மை இல்லை. தாதி குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்துகிறார். அந்த ஏற்பாட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

1. ஒரே அறையில் படுக்க வையுங்கள். குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்குக் குழந்தை பெற்றோரின் அறையிலேயே தூங்கட்டும். குழந்தைக்கென்று தனியறையை அலங்கரித்து வைத்திருந்தாலும் அது பிறகு பயன்படும். இந்த விஷயத்தில் நம் பழைய வழக்கமே சரி. இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரில் தெற்காசியக் குடும்பங்களையும் வெள்ளையர் குடும்பங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். தெற்காசியக் குழந்தைகளிடையே இந்த மரணம் குறைவு. குழந்தையைத் தனியறைக்கு அனுப்பாதது, தாய் புகைபிடிக்காதது, தாய்ப்பால் ஆகியவை அந்தக் குடும்பங்களில் கூடுதலாக இருந்தன.

2. கைக்கெட்டும் தூரத்தில் தனிக் கட்டில் போடுங்கள். வீவக வீட்டுப் படுக்கையறையில் பெரிய கட்டிலும் அலமாரியும் போட்டபின் ஆள் நடக்கவே இடம் குறைவு. வழக்கமான குழந்தைக் கட்டில் 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அதற்கு இடமில்லையென்றால் கட்டிலோரம் வைக்கும் சிறிய தொட்டில் போதும். முதல் சில மாதங்களுக்கு அதுவே தாராளம். குழந்தை உருள ஆரம்பித்ததும் பெரிய கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். கட்டிலை வாங்குவதற்கு முன் அறையை அளந்து பாருங்கள். இரவில் விளக்குப் போடாமல் கை நீட்டிக் குழந்தையைத் தொட முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

3. எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் முதுகு மெத்தையில் பட வேண்டும். "பால் கக்கினா மூச்சுக்குழாயில போயிடுமே" என்று பாட்டிமார் கவலைப்படுவார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் தாழ்வான பக்கமே, அதாவது உணவுக்குழாய்க்கே திரும்பிப் போகும். குப்புறப் படுத்தால் இந்த நிலை தலைகீழாகிவிடுகிறது.

மேலைநாடுகளில் 1950-களிலிருந்து பல ஆண்டுகள் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லி மருத்துவர்களே எழுதினார்கள். பிறகு நியூசிலாந்து முதலிய நாடுகளின் ஆய்வுகள் அது தவறென்று காட்டின. 1991-இல் பிரிட்டனும் 1994-இல் அமெரிக்காவும் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கத்தைத் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த நாடுகளில் திடீர்ச் சிசு மரணம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஹாங்காங்கில் இந்த மரணம் ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது என்று 1985-லேயே ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை கேட்டது. அங்கே குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது வழிவழி வந்த பழக்கம்.

4. மெத்தை உறுதியாக, தட்டையாக இருக்கட்டும். கையால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் தங்கக்கூடாது. மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி வேண்டாம். அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரே ஒரு விரிப்பு போதும். கட்டிலில் குழந்தையைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது.

5. பழைய கட்டில் என்றால் சோதித்துப் பாருங்கள். அண்ணன் பிள்ளைக்கு வாங்கியது, இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று பழைய கட்டில் வீட்டுக்கு வருவது வழக்கம். அதில் தவறில்லை. கம்பிகளுக்கிடையே இடைவெளி ஏறக்குறைய 6 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஆணி, திருகு எல்லாம் இறுகியிருக்க வேண்டும். பக்கவாட்டுத் தடுப்பு மேலும் கீழும் இறங்கும் வகைக் கட்டில் வேண்டவே வேண்டாம். அமெரிக்கா 2011-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

6. அறையைக் காற்றோட்டமாக வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஃபேனோ ஏர்கோனோ போடுவதில் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய உடுப்போடு உங்களுக்கு இதமாக இருந்தால் குழந்தைக்கும் இதம்தான். கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கட்டிலை ஜன்னலுக்கும் திரைச்சீலைக் கயிற்றுக்கும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

7. இரவு வேலையைப் பங்கு போடுங்கள். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை பாலுக்கு எழுந்துவிடும். தாய் ஒருத்தியே எல்லா இரவும் விழித்தால் சோர்வில் தவறு நேரும். 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குடிமகக் குழந்தைகளின் தந்தையருக்கு, தகுதியிருந்தால், அரசாங்கம் சம்பளம் தரும் நான்கு வார விடுப்பு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு பத்து வாரம். அந்த விடுப்பை இரவுகளுக்காகச் செலவழியுங்கள். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கி ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, கட்டிலில் கிடத்துவது அப்பாவின் பொறுப்பாகட்டும்.

8. தாய்ப்பாலுக்கு உதவி கேளுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைவு. வலி, பால் போதவில்லை என்ற பயம் எதுவானாலும் பிரசவம் பார்த்த மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசகரைப் பாருங்கள். பால் குடிப்பது நன்றாகப் பழகியபின், தூங்கும் நேரத்தில் சூப்பான் கொடுக்கலாம். அதுவும் ஆபத்தைக் குறைப்பதாகத் தெரிகிறது. சூப்பானைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மட்டும் மாட்டாதீர்கள்.

9. விழித்திருக்கும்போது சற்று நேரம் குப்புறப் போடுங்கள். எப்போதும் மல்லாந்தே கிடந்தால் பின்மண்டை தட்டையாகிவிடுமோ என்ற கவலைக்கு மருந்து இதுதான். பகலில், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். கழுத்தும் தோளும் வலுப்படும்.

செய்யக்கூடாதவை

1. இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். இது நம்மில் பலருக்கு மனத்தாங்கலான பேச்சு. சிங்கப்பூரில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டி சாரோங் தொங்கவிட்ட காலம் உண்டு. இன்றும் மோட்டார் வைத்த தூளி விற்கிறது. தூளிக்குள் கிடக்கும் பச்சைக் குழந்தையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதுகு வளைந்து, தலை முன்னால் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் படிந்திருக்கும். கழுத்து இன்னும் நிற்காத குழந்தையால் தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது. மூச்சுப் பாதை மடங்குகிறது. இருபக்கத் துணியும் முகத்தை நெருங்கி வருகிறது. மோட்டார் ஆட்டிக்கொண்டே இருக்கும்போது யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை.

பெயர் சூட்டும் நாளில் தொட்டிலில் இடும் சடங்கை மனநிறைவோடு செய்யுங்கள். பகலில் பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் பக்கத்தில் இருக்கும்போது சிறிது நேரம் ஆட்டுங்கள். தூங்கியதும் எடுத்துக் கட்டிலில் கிடத்திவிடுங்கள்.

2. பெரியவர் கட்டிலில் நடுவில் போடாதீர்கள். மென்மையான மெத்தை, போர்வை, தலையணை, கனமான கை கால் எல்லாம் குழந்தைக்கு ஆபத்து. குறிப்பாகச் சில நிலைகளில் பக்கத்தில் படுக்க வைக்கவே கூடாது: பெற்றோரில் ஒருவர் புகைபிடிப்பவர் என்றால், மது அருந்தியிருந்தால், தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோ சளி மருந்தோ சாப்பிட்டிருந்தால், குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் அல்லது பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்தால். குழந்தைக்கு நான்கு மாதம் நிரம்பவில்லை என்றாலும் கூடாது. பாட்டி பாய் விரித்துப் பக்கத்தில் படுத்தாலும், பணிப்பெண் இரவில் பார்த்துக்கொண்டாலும் இதே விதிதான். குழந்தை எந்த அறைக்குப் போகிறதோ, கட்டிலும் அந்த அறைக்குப் போக வேண்டும்.

3. சோபாவில் குழந்தையோடு கண்ணயராதீர்கள். எல்லா இடங்களிலும் மோசமானது இதுதான். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கினால் இறப்பு ஆபத்து 67 மடங்குவரை கூடும் என்று மேலே சொன்ன வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. குழந்தை உங்கள் உடம்புக்கும் மெத்தைக்கும் இடையே வழுக்கி மாட்டிக்கொள்ளும். இரவில் பால் கொடுக்கும்போது தூங்கிவிடுவோமோ என்ற சந்தேகம் இருந்தால், சோபாவைவிடக் கட்டிலில் உட்கார்ந்து கொடுப்பது மேல். தலையணை, போர்வையை முன்கூட்டியே அகற்றிவிடுங்கள். விழிப்பு வந்ததும் குழந்தையை அதன் கட்டிலுக்கு மாற்றுங்கள். அதற்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மறுநாள் இரவுக்கு ஆள் உதவி கேளுங்கள்.

4. கடுகுத் தலையணை, பயற்றுத் தோல் தலையணை வைக்காதீர்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை என்பது நம் வீட்டு வழக்கம். குழந்தை திடுக்கிட்டு விழிக்காமலிருக்கப் பயற்றுத் தோல் நிரப்பிய சிறு தலையணையை நெஞ்சில் வைப்பது இங்குள்ள பல வீடுகளின் வழக்கம். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. மூன்று கிலோக் குழந்தையின் நெஞ்சுக்கு அது சுமை. நழுவி மூக்குக்கு வந்தால் தள்ளிவிடக் குழந்தையின் கைக்குத் தெரியாது. திடுக்கிடுவது பச்சைக் குழந்தைக்கு இயல்பு. சில மாதங்களில் தானே மறையும்.

5. கட்டிலைச் சுற்றி மெத்தைத் தடுப்பு கட்டாதீர்கள். பஞ்சு வைத்த தடுப்பு, பொம்மை, கழுத்துக்குத் திண்டு எதுவும் வேண்டாம். தடுப்பு மெத்தையும், பத்து பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கையும் அமெரிக்காவில் 2022-இல் சட்டப்படி தடை செய்யப்பட்டன. கடையில் அழகாக அடுக்கியிருப்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது.

6. கார் இருக்கையிலும் ஊஞ்சல் நாற்காலியிலும் இரவெல்லாம் விடாதீர்கள். உட்கார்ந்த நிலையில் தூங்கினால் தலை முன்னால் தொங்கி மூச்சு தடைப்படலாம். வண்டியில் தூங்கியிருந்தால் வீடு சேர்ந்ததும் எடுத்துக் கட்டிலில் கிடத்துங்கள். "எடுத்தா முழிச்சுக்கும்" என்று தயங்க வேண்டாம். முழித்தால் மறுபடி தூங்க வைத்துக்கொள்ளலாம்.

7. மூட்டை கட்டாதீர்கள். குளிர் பிடித்துவிடும் என்று தொப்பி, காலுறை, கம்பளி, அதன்மேல் போர்வை என்று அடுக்குவது வேண்டாம். உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் திடீர்ச் சிசு மரணத்துக்கு ஒரு காரணி. தூங்கும்போது தலையை மூடவே கூடாது. துணியால் சுற்றிக் கட்டுவதானால் மெல்லிய துணியில், இடுப்பும் காலும் அசையும்படி தளர்வாகக் கட்டி, மல்லாக்க மட்டும் கிடத்துங்கள். உருள முயலும் அறிகுறி தெரிந்த நாளோடு அதை நிறுத்திவிடுங்கள்.

8. புகை வேண்டாம். சிகரெட் புகை இந்த மரணத்தின் மிகப் பெரிய காரணிகளில் ஒன்று. அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் நின்று ஊதினாலும் புகை உள்ளேதான் வரும். சாம்பிராணிப் புகையும் குழந்தையின் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. குளிப்பாட்டியபின் தலைமுடியைத் துண்டால் ஒற்றி உலர்த்தினால் போதும். வழக்கத்தை விட மனமில்லையென்றால், குழந்தை இல்லாத வேளையில், ஜன்னல் திறந்த ஹாலில் போடுங்கள்.

9. தூங்கும்போது கழுத்திலும் கையிலும் எதையும் விடாதீர்கள். சங்கிலி, கருப்புக் கயிறு, தாயத்து, வசம்பு வளையல் ஆகியவை கழுத்தை இறுக்கலாம், வாய்க்குள் போகலாம். திருஷ்டி கழிக்கக் கட்டியதை இரவில் கழற்றிக் கட்டிலுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

10. கருவியை நம்பிக் காவலை விடாதீர்கள். மூச்சையும் இதயத் துடிப்பையும் அளப்பதாகச் சொல்லும் காலுறைகளும் கேமராக்களும் விலை கூடியவை. அவை திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

இன்று கேகே என்று அழைக்கப்படும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. லிட்டில் இந்தியாவை ஒட்டிய அந்த மருத்துவமனையில் பிறந்து, தூளியில் வளர்ந்தவர்கள்தாம் இன்றைய பாட்டி தாத்தாக்கள் பலர். "நாங்கல்லாம் அப்படித்தான வளந்தோம்" என்று அவர்கள் சொல்வது நியாயமே. மோதாமல், அவர்களுக்குரிய இடத்தைக் கொடுத்துப் பேசுங்கள்: "அத்தை, ராத்திரிக்குத் தனிக் கட்டில்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பகல்ல உங்க மடியும் தாலாட்டும்தான் வேணும்." பலதுறை மருந்தகத்துக்குத் தடுப்பூசி போடப் போகும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தூக்கத்தைப் பற்றிய கேள்வியைத் தாதியிடம் அவர்களே கேட்கட்டும். மருமகள் சொல்வதைவிடத் தாதி சொல்வது எளிதில் ஏறும்.

எப்போது தாமதிக்கக்கூடாது?

குழந்தை மூச்சு விடச் சிரமப்பட்டால், உதடு நீலம் பாய்ந்தால், துவண்டு கிடந்தால், எழுப்பியும் எழாவிட்டால் உடனே 995-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கமே வரவில்லை, அழுகை அடங்கவில்லை என்றால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தால் இந்த வாரமே வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கட்டில் எங்கே, இரவில் யார் எழுவது, தூளி எப்போது, புகை எங்கே என்று நான்கையும் முடிவு செய்யுங்கள். குழந்தை ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? இன்றிரவு கட்டிலில் கிடக்கும் தலையணையையும் போர்வையையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.